பெயர் பொறித்த கல்

நம் கைவேலையை நம்முடையதென்று பிறர் அறிய வேண்டுமென விரும்புவது குற்றமா?

உரோமாபுரியில் அர்ச். இராயப்பர் பேராலயத்தில், மரித்த சேசுநாதரைத் தேவமாதா மடியில் ஏந்தியிருக்கும் பளிங்குச் சுரூபம் ஒன்று உண்டு. 1499-ம் ஆண்டில் அதைச் செய்து முடித்த மிக்கேலாஞ்சலோவுக்கு அப்போது வயது 24. சுரூபத்தைப் பார்க்க வந்த வெளியூரார் சிலர், "இது எங்கள் மிலான் நகரத்துச் சிற்பியின் வேலை" என்று மெச்சிக்கொண்டார்களாம். அருகில் நின்ற வாலிபர் வாய் திறக்கவில்லை. பிறகு ஓரிரவு விளக்கும் உளியுமாய் அங்கே தங்கி, மாதாவின் மார்பின் குறுக்கே செல்லும் வாரில் தம் பெயரைப் பொறித்துவிட்டார். அவரை நேரில் அறிந்த வசாரி என்பவர் இதை எழுதி வைத்திருக்கிறார். அவர் பெயர் பொறித்த வேலை அது ஒன்றுதான்.

இதைக் கர்வமென்று அவசரப்பட்டுத் தீர்ப்பிட வேண்டாம். மருமகள் வைத்த குழம்பை விருந்தாளி மாமியாரின் கைமணம் என்று புகழ்ந்தால் அவள் முகம் வாடாதா? உழைத்தவனுக்குரியதை வேறொருவனுக்குக் கொடுப்பது அநீதியே. ஆனால் மனித சுபாவம் உரியதைப் பெற்றதோடு நிற்பதில்லை. இன்று "இது என்னுடையது" என்கிறவன், நாளை "என்னைப்போல் யார்?" என்கிறான். அப்புறம், பார்ப்பாரில்லாத இடத்தில் அவன் கை சோர்ந்துபோகிறது.

அந்தச் சிற்பியின் கை சோரவில்லை. எழுபது வயது கடந்தபின் அதே பேராலயத்தைக் கட்டும் பொறுப்பு அவருக்கு வந்தது. சம்பளம் வேண்டாமென்று அதை ஏற்றார். அவர் வகுத்த பெரிய கூண்டு 1590-ல்தான் முடிந்தது. அவரோ 1564-லேயே இறந்துபோனார். தாம் காணப்போவதில்லை என்று அறிந்தே உழைத்தார். சாவுக்குச் சில நாட்கள் முன்வரை, 88 வயதில், மீண்டும் ஒரு மாதாவையும் மகனையும் செதுக்கிக்கொண்டிருந்தார். முன்பு செதுக்கியதை வெட்டிவிட்டு மறுபடி தொடங்கியதால், பழைய கை ஒன்று தனியே நிற்கிறது. முற்றுப்பெறாத அந்தச் சுரூபம் இன்று மிலான் நகரில் இருக்கிறது. அதில் பெயர் இல்லை.

ஆகவே, பெயரை விரும்புவதே குற்றமன்று. பெயர் கிடைக்காதபோது வேலையைக் குறைப்பதே குற்றம். விடியுமுன் எழுந்து கோலமிடும் தாய் அதன் ஓரத்தில் பெயர் எழுதுவதில்லை. நாலு நாழிகைக்குள் கால்பட்டு அழியுமென்றும் அறிவாள். ஆயினும் ஒரு புள்ளியும் தவற விடுகிறாளா?

இன்னொன்றும் உண்டு. அந்த வாலிபரை இரவில் உளியெடுக்கச் செய்தது, செய்தவர் யாரென்று அறியாமலே புகழ்ந்தவர்களின் வாய். நம் வீட்டிலும் ஓசையின்றி உழைக்கிற ஒருவர் இருப்பார். இன்று இரவு சாப்பிட்டு எழும்போது, அவர் பெயரைச் சொல்லி ஒரு நல்ல வார்த்தை கூறுவோம். நம் பெயரை மறப்பது புண்ணியம். பிறர் பெயரை மறவாதிருப்பது கடமை.