தோட்டத்தைக் கண்டவர் உரிமையாளரைக் கண்டாரா?

வெளிநாட்டுப் பயணம் இன்று பலருக்கும் வாய்க்கிறது. ரோமுக்குச் செல்வோர் புனித பேதுரு பேராலயத்தையும், பாரிசுக்குச் செல்வோர் லூவர் அருங்காட்சியகத்தையும் பெரும்பாலும் காணாமல் திரும்புவதில்லை. அங்கே ஆன்மிக சாதகரின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. பிற சமயத்தாரின் வழிபாட்டிடத்திற்குள் வேடிக்கை பார்ப்பவராக நுழைவது முறையா? எளிமையைப் போதித்த மகான்களின் பெயரால் எழுந்த மாளிகைகளைக் கண்டு வியப்பது பக்தி ஆகுமா?

சுவாமி விவேகானந்தரும் இத்தகைய கேள்வியின் முன் நின்றார். 1896 டிசம்பரில், தாயகம் திரும்பும் வழியில், சேவியர் தம்பதியருடன் அவர் இத்தாலி சென்றார். மிலான் நகரில் லியனார்டோ டா வின்சியின் ‘இறுதி இராவுணவு’ ஓவியம் அவரைப் பெரிதும் கவர்ந்தது. ஆனால் ரோமில், கிறிஸ்துமஸ் நாளில், புனித பேதுரு பேராலயத்தின் பகட்டான சடங்குகளைக் கண்டபோது அவர் உள்ளம் நெருடியது. தலை சாய்க்க இடமின்றி வாழ்ந்த இயேசுவுக்கும் இந்த ஆடம்பரத்திற்கும் என்ன பொருத்தம் என்று உடன் வந்தோரிடம் வினவினார்.

அவ்வினாவுக்கு வரலாறும் சான்று கூறுகிறது. 1506-இல் தொடங்கிய அப்பேராலயம் 1626-இல்தான் அர்ச்சிக்கப்பட்டது. அதற்குப் பொருள் திரட்டப் பாவமன்னிப்புச் சீட்டுகள் விற்கப்பட்டன. 1517-இல் மார்ட்டின் லூதர் எழுப்பிய எதிர்ப்புக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. இது ஒரு சமயத்திற்கு மட்டும் உரிய குறையன்று. கோபுரம் உயரும்போது தியாகம் தாழ்ந்துவிடும் ஆபத்து எல்லாச் சமயங்களுக்கும் உண்டு.

ஆனால் அதே ஆண்டு, சில மாதங்களுக்கு முன், ஆல்ப்ஸ் மலைப்பாதையில் ஒரு சிறு தேவாலயத்தைக் கண்ட சுவாமிஜி, அங்கிருந்த மரியன்னையின் திருவடிகளில் தமக்காக மலர் சமர்ப்பிக்கும்படி திருமதி சேவியரை வேண்டினார். அவளும் அன்னையே என்பது அவரது உணர்வு. ஆக, அவர் மறுத்தது உருவத்தையன்று. உட்பொருளை மறைக்கும் பகட்டையே. குறை காணும் கூர்மையும் வணங்கும் பணிவும் ஒரே உள்ளத்தில் இருக்க முடியும் என்பதற்கு அவரே சான்று.

புனித பேதுரு பேராலயத்திலேயே மைக்கேலாஞ்சலோ தம் இளமையில் செதுக்கிய ‘பியேட்டா’ சிற்பம் உள்ளது. இறந்த மகனை மடியில் தாங்கிய தாயின் உருவம் அது. 1972-இல் ஒருவன் சுத்தியலால் அதைச் சிதைத்தான். சீரமைக்கப்பட்ட பின்னர் அது கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வைக்கப்பட்டது. அச்சிற்பத்தின் முன் புகைப்படம் எடுத்துக்கொண்டு விரைவோர் பலர். அத்தாயின் மௌனத் துயரில் ஒரு கணமேனும் கரைந்து நிற்பவரோ சிலரே.

காணும் விதமே காட்சியின் பயனைத் தீர்மானிக்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோதேன், சென்னை அருங்காட்சியகத்து நடராஜர் திருமேனிகளைப் புகைப்படங்களில்தான் கண்டார். ஆயினும் அவற்றில் மனம் தோய்ந்து அவர் எழுதியது, அவரது மறைவுக்குப் பின் 1921-இல் வெளிவந்தது. அயல் சமயத்தவர் ஒருவர், அதுவும் படத்தில் கண்டவர், அத்தனை ஆழ்ந்து நோக்க முடியுமானால், நேரில் நிற்பவர் அவசரமாகக் கடந்து செல்வது எத்தகைய இழப்பு!

செல்வந்தரின் தோட்டத்தைக் கண்டு வியப்போர் பலர். அதன் உரிமையாளரைத் தேடுவோர் அரியர் என்பது பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் கூறிய உவமை. பேராலயங்களும் கலைக்கூடங்களும் அத்தகைய தோட்டங்களே. அவற்றை ரசிப்பதில் தவறில்லை. அங்கேயே நின்றுவிடுவதுதான் தவறு.

எனவே பிறர் வழிபடும் இடத்தில் நுழைபவர் அவ்விடத்தின் உடை ஒழுங்கையும் அமைதியையும் போற்ற வேண்டும். மண்டியிட்டிருப்பவரின் பிரார்த்தனையைக் காட்சிப் பொருளாக்கக் கூடாது. புகைப்படக் கருவியை உள்ளே வைத்துவிட்டுச் சிறிது நேரம் கண்மூடி அமர்ந்து, தம் இஷ்ட தெய்வத்தை நினைக்கலாம். அவ்வாறு அமர்பவருக்கு அது அந்நிய தேசத்துக் கட்டடமாக இராது. தோட்டத்தின் உரிமையாளர் எங்கும் ஒருவரே என்ற உண்மையை உணர்த்தும் இடமாகும்.