சம்மதம் கேட்காத குத்தகை

அமிர்தியில் காடு தொடங்குகிறது. அங்கிருந்து அடுக்கடுக்காக எழும் ஜவ்வாதுமலை இன்று வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்களுக்குப் பங்கு போட்ட மலை. அதன் திருப்பத்தூர்ப் பக்கத்தில், சுமார் 700 மீட்டர் உயரத்தில் காவலூர் இருக்கிறது. 1960-களில் வானியலாளர் வைணு பாப்பு வானாய்வகத்துக்காக அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணங்கள் உண்டு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் தென்வானத்தின் பெரும்பகுதியும் கண்ணுக்கு எட்டும்; சுற்றிலும் காடு, நகர வெளிச்சம் இல்லை. 1977-இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்ததில் காவலூருக்குப் பங்குண்டு. 1986-இல் 2.34 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி அங்கே திறக்கப்பட்டது. 1988-இல் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். இவையெல்லாம் நம் பெருமைகள். ஆனால் அந்த இருள் தானாக அங்கே கிடக்கவில்லை. சாமை விதைத்து, தேனும் புளியும் எடுத்து, காட்டைக் காடாகவே விட்டு வாழ்ந்த மலையாளிப் பழங்குடிகளின் வாழ்க்கைமுறையும் அதைக் காத்து வைத்திருந்தது. மலையில் கோபுரம் எழுப்பும்முன் அவர்களைக் கேட்க வேண்டும் என்று அன்றைய சட்டம் சொல்லவில்லை. பெரிய எதிர்ப்பு எழாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்பதே கேள்வி.

இந்தக் கேள்வி ஹவாயில் உரத்து எழுந்துவிட்டது. 4,205 மீட்டர் உயரமுள்ள மௌனா கியா, ஹவாய்ப் பூர்வகுடிகளுக்கு வானத்தந்தை வாகியாவின் மலை. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை எடுத்துப்போய் உச்சிக்கு அருகிலுள்ள வாயாவு ஏரியில் சேர்க்கும் குடும்பங்கள் உண்டு. வயிற்றில் பிறந்த உறவை மலையோடு முடிந்து வைக்கிற செயல் அது. 1968-இல் மாநில அரசு அந்த உச்சியை ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்கு 65 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. வாடகை பெயரளவுக்குத்தான். அந்த நிலமோ, 1893-இல் கவிழ்க்கப்பட்ட ஹவாய் அரசிடமிருந்து கைமாறி வந்தது. ஒன்றன்பின் ஒன்றாகப் பதின்மூன்று தொலைநோக்கிகள் எழுந்தன. அதற்கும் மேல், ஏறத்தாழ 18 மாடி உயரத்தில் முப்பது மீட்டர் தொலைநோக்கி என்றபோது மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். 2018-இல் மாநில உச்ச நீதிமன்றம் அனுமதி சரியே என்றது. 2019 ஜூலையில் பாதையை மறித்து அமர்ந்த முதியவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். சட்டம் முடிந்த இடத்தில் அறம் முடியவில்லை. இதில் நாம் வேடிக்கை பார்ப்பவர்களும் அல்லர். அத்திட்டத்தில் இந்தியாவின் பங்கு பத்து சதவீதம். அதை முன்னின்று நடத்துவது, காவலூரை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனம்.

தொலைநோக்கி சுரங்கம் அல்லவே, அது தரும் அறிவு மனிதகுலம் முழுவதற்கும் சொந்தமாயிற்றே என்பார்கள். உண்மைதான். ஆனால் பலன் எல்லோருக்கும், விலை மட்டும் ஒரு கூட்டத்துக்கு என்றால், அந்த விலையைப் பலன் பெறுகிறவர் நிர்ணயிக்க முடியாது. திருவண்ணாமலையை நினைத்துப் பாருங்கள். மலையே சிவம் என்பதால் காலால் மிதிக்கத் தயங்கிச் சுற்றி மட்டும் வருகிறவர்கள் எத்தனை பேர்! கார்த்திகைக்குக் கொப்பரை ஏறும் அந்த உச்சியில் பதினெட்டு மாடிக் கட்டடம் என்றால், அது எத்தனை உயர்ந்த ஆய்வுக்கானது என்று நாம் கணக்குப் பார்ப்போமா? ஹவாய் மக்களிலேயே தொலைநோக்கியை ஆதரிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதும் மெய். முடிவு அவர்களுடையதாக இருக்க வேண்டும் என்பதற்கு அதுவே காரணம். அவர்களுக்குள் உள்ள கருத்து வேறுபாடு வெளியாருக்குத் தரும் உரிமம் ஆகாது. அவர்கள் விண்மீனுக்கு எதிரிகளும் அல்லர். 1976-இல் ஹொகுலேயா என்ற படகில், கருவி எதுவும் இல்லாமல், விண்மீன்களையும் அலைகளையும் பார்த்தே தாஹித்தி வரை போய்ச் சேர்ந்த மரபு அது.

மலைக்கு மலை புனிதம் என்றால் அறிவியலுக்கு இடமேது என்ற அச்சத்துக்கு நியமகிரி பதில் சொல்கிறது. 2013-இல் உச்ச நீதிமன்றம் ஒடிசாவின் அந்த மலையைப் பற்றிய கேள்வியைக் கிராம சபைகளிடமே விட்டது. பன்னிரண்டு சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. சுரங்கம் வேறு, தொலைநோக்கி வேறு. ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல வழியில்லாத இடத்தில் சரி என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. மறுத்தால் வானியல் செத்துவிடாது. முப்பது மீட்டர் தொலைநோக்கிக்கு லா பால்மா தீவு மாற்றிடமாக 2016 முதல் இருக்கிறது. அங்கே உயரம் குறைவு. அகச்சிவப்பு ஆய்வில் இழப்பு நேரும். அந்த இழப்பைத் தாங்கிக்கொள்வதே மரியாதையின் விலை. லடாக்கின் ஹான்லேயில் இருள்வானக் காப்பகம் அமைத்து, ஊர்மக்களையே வானத்தைக் காட்டும் வழிகாட்டிகளாக்கியதும் இதே இந்திய நிறுவனம்தான். ஆகவே வழி தெரியாமல் இல்லை. காவலூரில் இனி எது கட்டினாலும் முதலில் மலைக் கிராம சபையிடம் கேட்கட்டும். ஹவாய் மக்கள் சம்மதிக்காமல் எங்கள் ஆடி அந்த மலை ஏறாது என்று இந்தியா சொல்லட்டும். மௌனா கியாவின் குத்தகை 2033 டிசம்பர் 31-ஆம் நாள் முடிகிறது.