வாசலுக்கு வெளியே ஒரு தொலைபேசி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர் என்றொரு மாவட்டம். அங்கே கிராமத்துச் சாலைகளில் போனால் வயலோரத்திலும் களஞ்சியத்துக்குப் பக்கத்திலும் சின்னச் சின்ன மரக் கூண்டுகள் தென்படும். ஓர் ஆள் நிற்கத்தான் இடம். பழைய காலத்துக் கொல்லைப்புறக் கழிப்பறை என்று நினைத்துக் கடந்துபோகிறவர்களும் உண்டு. உள்ளே இருப்பது தொலைபேசி. பக்கத்தில் அழைப்புகளைக் குறித்துவைக்க ஒரு நோட்டு. நம்மூர் எஸ்.டி.டி. பூத் மாதிரிதான்; ஆனால் காசு வாங்க ஆள் கிடையாது. அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து வைத்துக்கொண்ட இணைப்பு இது. பேசியதை அவரவரே எழுதிவைத்துக் கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்வார்கள்.

அந்த வீடுகள் ஆமிஷ் மக்களுடையவை. 1693-இல் சுவிட்சர்லாந்திலும் அல்சாஸிலும் இருந்த அனபாப்டிஸ்ட் கிறிஸ்தவர்களிடையே பிளவு ஏற்பட்டபோது யாக்கோப் அம்மான் பின்னால் போனவர்களின் வழித்தோன்றல்கள். குதிரை வண்டியில் போகிறார்கள், பொது மின்கம்பியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுப்பதில்லை. வட அமெரிக்காவில் இன்று சுமார் 4 லட்சம் பேர்.

தொலைபேசியில் பேசுவது பாவம் என்று இவர்கள் சொல்வதில்லை. தாராளமாகப் பேசலாம், அது வீட்டுக்குள் குடிவரக் கூடாது, அவ்வளவுதான். இதென்ன இரட்டை வேடம் என்று வெளியாட்கள் சிரிப்பார்கள். உபயோகிக்கலாம், சொந்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்றால் அது என்ன அறம்?

பதிலுக்கு நூறாண்டு பின்னால் போகவேண்டும். 1900-களின் தொடக்கத்தில் லங்காஸ்டரின் சில ஆமிஷ் வீடுகளில் தொலைபேசி வந்துவிட்டது. அன்றைய கிராமத்து இணைப்பில் பல வீடுகளுக்கும் ஒரே கம்பி. யாருக்கோ வந்த அழைப்பை இன்னொரு வீட்டில் ரிசீவரைத் தூக்கி ஒட்டுக்கேட்கலாம். இரண்டு பெண்கள் மூன்றாமவளைப் பற்றிப் புறணி பேச, அது அவள் காதிலேயே விழுந்து, பஞ்சாயத்து சபைக்கு வந்தது என்று அங்கே ஒரு வாய்மொழிக் கதை உலவுகிறது. கதை எப்படியோ, 1910-ஐ ஒட்டி வீட்டுத் தொலைபேசிக்குத் தடை விழுந்தது. ஒரு பகுதியினர் பிரிந்தே போனார்கள். அதற்குத் தொலைபேசி மட்டும் காரணமல்ல. சபையை விட்டுப் போனவர்களை எவ்வளவு கடுமையாக ஒதுக்கிவைப்பது என்ற பழைய தகராறும் சேர்ந்துகொண்டது. பிறகு 1930-களில், டாக்டரைக் கூப்பிடவாவது ஒன்று வேண்டாமா என்று சில குடும்பங்கள் கேட்டன. பிஷப்புகள் இசைந்தார்கள். கூண்டுகள் அப்படி வந்தவைதான். டயான் ஸிம்மர்மன் அம்பிள் 1996-இல் வெளியிட்ட நூல் ஒன்று இந்த வரலாற்றுக்கென்றே எழுதப்பட்டது.

இவர்களுக்குத் தேவாலயக் கட்டடம் கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு, முறை வைத்து யாராவது ஒருவர் வீட்டில் கூடித்தான் வழிபாடு. சாப்பாட்டு மேசையை நகர்த்திவிட்டு பெஞ்சுகளைப் போட்டால் வீடே கோயில். அங்கே தொலைபேசி மணி அடித்தால், முன்னால் உட்கார்ந்திருப்பவரை விட்டுவிட்டு எங்கோ இருப்பவரிடம் ஓட வேண்டும். கூண்டு அந்த வரிசையை மாற்றிவிடுகிறது. எப்போது பேசுவது என்பதை மனிதன் முடிவுசெய்கிறான். மழையில் நனைந்து நடந்துபோக வேண்டியிருப்பதால், பேசத்தான் வேண்டுமா என்றும் யோசிக்கிறான்.

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவின் மோன்டானாவில் தத்துவம் கற்பித்த ஆல்பர்ட் போர்க்மன் 1984-இல் எழுதிய நூலில் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். விறகு வெட்டுவது, தீ மூட்டுவது, சுற்றி உட்காருவது என்று குடும்பத்தையே கூட்டிவைத்தது கணப்பு. மைய வெப்பமூட்டி வந்ததும் வெப்பம் மட்டும் மிஞ்சியது, கூடியிருந்தது போயிற்று. ஒரு சாதனம் தரும் பலனை மட்டும் எண்ணி, அது கலைத்துப்போடும் உறவுகளை எண்ணாமல் விடுகிறோம் என்பது அவர் வாதம்.

இப்போது கூண்டுக்கு வரும் செம்புக் கம்பிக்கே முடிவு நெருங்குகிறது. பிரிட்டன் 2027 ஜனவரியோடு பழைய தொலைபேசி வலையமைப்பை மூடுகிறது. அமெரிக்காவில் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் தன் செம்பு இணைப்புகளில் பெரும்பகுதியை 2029 இறுதிக்குள் நிறுத்தப்போவதாக அறிவித்திருக்கிறது. வீட்டுத் தொலைபேசியை இணையத்துக்கு மாற்றலாமா என்று யோசிக்கிற சாதாரணக் குடும்பம் கட்டணத்தைப் பார்க்கும். கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்கும். நியாயமான கேள்விதான். செம்புக் கம்பியில் தொலைபேசி நிலையமே 48 வோல்ட் மின்சாரத்தை அனுப்பிவிடும், ஊரே இருண்டாலும் மணி அடிக்கும். இணையத் தொலைபேசிக்கு வீட்டிலிருக்கும் ரௌட்டர் உயிரோடிருக்க வேண்டும். அவசர எண்ணுக்கு அழைத்தால் எந்த வீடு என்று தெரியாமல் போகும் சிக்கல் வேறு இருந்தது. அதனால் 2005-இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் அதற்கெனத் தனி விதி போட்டது.

ஆமிஷ்காரருக்கு இவையெல்லாம் பெரிதல்ல, பேட்டரி வைத்துச் சமாளித்துவிடுவார். சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. செம்புக் கம்பியின் சாதாரணத் தொலைபேசியில் குரல் மட்டும்தான் வந்தது. அந்தக் குறையே அவர்களுக்குக் காவல். இணைய இணைப்பில் குரலும் சினிமாவும் சந்தையும் சூதாட்டமும் ஒரே கம்பிக்குள், ஒரே மாதிரித் தரவுத் துண்டுகளாக வருகின்றன. கூண்டை வாசலுக்கு வெளியே வைத்தால் மட்டும் போதாது. எல்லைக்கோட்டைக் கருவிக்குள்ளேயே போட்டாக வேண்டும். சில ஊர்களில் புழங்கும் ‘கறுப்புப் பெட்டி’ அப்படிப்பட்ட முயற்சி. செல்போன் அலையில் இயங்கும், ஆனால் சாதாரண மேசைத் தொலைபேசியைப் போலப் பேசத்தான் முடியும். திரையும் கிடையாது, இணையமும் கிடையாது.

இந்த எல்லைகளை யார் தீர்மானிப்பது என்ற கேள்விதான் தொண்டையில் சிக்குகிறது. வசந்தத்தில் ஒன்றும் இலையுதிர் காலத்தில் ஒன்றுமாக ஆண்டுக்கு இரண்டு திருவிருந்து. அதற்கு முன் ஒவ்வொரு சபையும் கூடி, ‘ஓர்ட்னுங்’ என்ற தங்கள் ஒழுங்குமுறைக்கு இசைகிறோமா என்று ஆண் பெண் எல்லாரிடமும் கேட்கிறது. மனம் ஒப்பவில்லையென்றால் திருவிருந்தே தள்ளிப்போகலாம். ஞானஸ்நானமும் வளர்ந்த பிறகு, தானே விரும்பி ஏற்பது. இவ்வளவு சுதந்திரம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் ஞானஸ்நானம் பெற்றபின் விலகினால் பெற்ற தாயோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியாமல் போகலாம். இவ்வளவு விலை வைத்துவிட்டு அதைச் சம்மதம் என்பது மிகை. அதற்காக, மாதத் திட்டத்தோடு இலவசமாகத் தந்தார்கள் என்பதற்காக ஒன்றை வீட்டுக்குள் விடும் மற்றவர்களின் முடிவு மட்டும் சுதந்திரமானதா என்ன? அவர்கள் கேட்கத் தவறிய கேள்வியை ஆமிஷ் சபை கேட்கவாவது செய்கிறது.

இன்று அந்தச் சபைகளின் தலைவலி கூண்டும் அல்ல, கம்பியும் அல்ல. நிலம் போதாமல் பலர் விவசாயத்தை விட்டுத் தச்சு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். வெளியூர் வாடிக்கையாளர் செல்போனில்தான் கூப்பிடுகிறார். தொழிலுக்கு மட்டும் என்று ஒரு சபை விடுகிறது, பக்கத்துச் சபை மறுக்கிறது. சாலையோரக் கூண்டு எல்லார் கண்ணுக்கும் தெரியும். பாக்கெட்டில் இருப்பதை எந்த பிஷப்பும் பார்க்க முடியாது.