பார்வைக்கும் அனுமதி வேண்டும்

ஒரு குடும்பத்தின் பெயர்களும் முகங்களும் முகவரியும் யாருக்குச் சொந்தம்? வீட்டுத் தலைவனுக்கா, வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்குமா? அவற்றை வெளியாருக்குக் கொடுக்கும் உரிமை எவரிடம் உள்ளது? இணையமும் கைத்தொலைபேசியும் வந்த பின்னரே இக்கேள்வி பிறந்தது என்று பலரும் எண்ணுகின்றனர். ஆனால் வீட்டில் கணினி என்ற பொருளே இல்லாத காலத்தில் இந்த நாட்டுத் தலைநகரில் இக்கேள்வி இரத்தத்தால் எழுதப்பட்டது.

1983 ஜூலை 24ஆம் திகதி இரவு பொரளையில் தொடங்கிய வன்செயல் மறுநாள் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் கொழும்பின் ஏனைய பகுதிகளுக்கும் பரவியது. வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் பறங்கியரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தனர். வெளியிலிருந்து வந்த ஒருவனுக்கு எந்த வீடு யாருடையது என்று மதிலைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்லிக் கொடுத்தது வாக்காளர் இடாப்பு. கும்பல்களின் கையில் இடாப்புப் பிரதிகள் இருந்தன என்று அந்நாட்களை எழுதியோர் பலரும் பதிவு செய்துள்ளனர்.

வாக்காளர் இடாப்பு தீய நோக்கத்துக்காக உருவானதன்று. குடிமகனுக்கு வாக்குரிமை தரவே அது எழுதப்படுகிறது. கிராம சேவகர் படிவத்துடன் வந்தபோது வீட்டுக்காரர் மகிழ்ச்சியோடு அதை நிரப்பிக் கொடுத்திருப்பார். பெரும்பாலும் வீட்டிலிருந்த எல்லாருடைய பெயர்களையும் ஒருவரே எழுதியிருப்பார். சமாதான காலத்தில் கொடுக்கப்பட்ட அந்தத் தகவலில் ஓர் எழுத்தேனும் மாறவில்லை. காலம் மாறியது, அதைக் கையில் வைத்திருந்தவர்கள் மாறினார்கள்.

24 ஆண்டுகளின் பின்னர், 2007 ஜூன் 7ஆம் திகதி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பொலிஸாரால் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர்நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. வைத்தியத்துக்கும் வெளிநாட்டுப் பயண அலுவல்களுக்கும் தொழிலுக்குமாக வந்து தங்கியிருந்தோர் அவர்களிற் பலர். எங்கிருந்து வந்தார், ஏன் வந்தார், எத்தனை நாள் தங்குவார் என்று சொல்லிப் பதிவதைக் கொழும்புத் தமிழர் போர்க்காலம் முழுவதும் பழகியிருந்தனர். பாதுகாப்புக்காக என்று கேட்டு வாங்கப்படும் விவரங்கள் கொடுத்தவரையே பாதுகாப்பற்றவராக்கலாம் என்பதை அந்தக் காலைப்பொழுது காட்டியது.

இவற்றை இன்று நினைவூட்டுவது பழைய புண்ணைக் கிளறுவதற்காக அல்ல. அன்று இடாப்பை அரசாங்கம் எழுதியது. இன்று எமது வீட்டு இடாப்பை நாமே எழுதி நாமே பிரதி எடுத்துப் பரப்புகிறோம் என்பதற்காகவே.

தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வெளியாகும் நாளை எண்ணிப் பாருங்கள். பிள்ளையின் சீருடைப் படம், முழுப் பெயர், தந்தையின் பெயர், தொழில், பாடசாலை, ஊர், சுட்டெண், புள்ளி அனைத்தும் அன்று மாலைக்குள் முகநூலில் ஏறிவிடும். வாழ்த்துச் சொல்வோரின் பட்டியலிலிருந்து மாமா யார், சாச்சி யார் என்பதும் தெரிந்துவிடும். பத்து வயதுப் பிள்ளையிடம் இது பற்றி எவரும் கேட்பதில்லை. ஆசிரியர்களாகிய நாங்களும் இதில் முன்னணியில் நிற்கிறோம். பாடசாலைக்குப் பெருமை என்று சொல்லிக்கொள்கிறோம்.

தேசிய அடையாள அட்டையை எடுத்துக்கொள்வோம். பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிப்பன. பெண்ணாயின் அதனுடன் 500 கூட்டப்படும். 2016 முதல் வந்த பன்னிரண்டு எண் அட்டையில் பிறந்த ஆண்டு நான்கு எண்களாக முழுமையாகவே உள்ளது. ஆகவே வெறும் இலக்கத்தைச் சொன்னாலே வயதும் பிறந்த நாளும் ஆணா பெண்ணா என்பதும் வெளிப்பட்டுவிடும். நாமோ சீட்டிழுப்புக்கும் நிவாரணப் பொதிக்கும் வேலைவாய்ப்பு விளம்பரத்துக்கும் அட்டையின் இரு பக்கங்களையும் படம் பிடித்து, முன்பின் அறியாத இலக்கத்துக்கு வட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். கடவுச்சொல்லாக மகளின் பிறந்த நாளை வைத்திருப்போரும் எம்மிடையே உண்டு.

இவ்விடத்தில் எமது மரபு என்ன சொல்கிறது என்று பார்ப்பது பொருத்தமானது. பிறர் வீட்டினுள் அனுமதி பெற்று, ஸலாம் கூறியே நுழைய வேண்டும் என்பது சூரா அந்நூரின் 27ஆம் வசனம் தரும் ஒழுக்கம். அதே சூராவின் 58ஆம் வசனம் இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. பருவமடையாத பிள்ளைகளும் கூட வைகறைத் தொழுகைக்கு முன், நண்பகல் ஓய்வு வேளை, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் பெரியோர் இருக்கும் இடத்துக்கு அனுமதி கேட்டே வரவேண்டும் என்கிறது. அதாவது வெளியாரிடமிருந்து மட்டுமன்றி வீட்டுக்குள்ளேயும் ஒருவருக்கு ஒரு திரை உண்டு. அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்ற பொருளுடைய நபிமொழி புகாரியில் இடம்பெறுகிறது. காலடி படாமலே கண் நுழையக்கூடும் என்பதை அன்றைய மதீனாவின் கதவிடுக்கு உணர்த்தியது. இன்று அந்தக் கதவிடுக்கு எமது சட்டைப் பையில் கிடக்கிறது.

துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கும் வசனமும், வந்த செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் வசனமும் ஒரே சூராவில் அமைந்துள்ளன. அதன் பெயர் அல்-ஹுஜுராத், அறைகள் என்பது பொருள். பிறர் அறையை மதிப்பதும் பிறரைப் பற்றிய செய்தியில் கவனமாயிருப்பதும் ஒரே ஒழுக்கத்தின் இரு கிளைகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. தன் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு அயலான் வீட்டுப் படத்தைப் பத்துக் குழுக்களுக்கு அனுப்புகிறவன் இவ்வொழுக்கத்தில் பாதியையே அறிந்தவன்.

அந்த மறுபாதி இல்லாததால் விளைந்த சேதத்தை நாமே அனுபவித்தோம். 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகம் ஒன்றின் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலக்கப்படுகிறது என்ற வதந்தி கிளம்பியது. சிங்களம் சரிவரத் தெரியாத, அச்சத்தில் உறைந்துபோன ஒருவரைச் சூழ்ந்து நின்று கேள்வி கேட்டு, அவரது தடுமாற்றத்தை ஒப்புதல் வாக்குமூலமாகப் படம் பிடித்துப் பரப்பினார்கள். அது மாவுக் கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சொன்னபோது காலம் கடந்துவிட்டது. அடுத்த மாதம் திகனையும் கண்டி மாவட்டத்தின் பிற ஊர்களும் எரிந்தன, முகநூலும் வட்ஸ்அப்பும் நாடெங்கும் முடக்கப்பட்டன. அவ்வன்செயலில் தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்கு முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொட்டாஞ்சேனைக்கு அருகே கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் ஏனைய இடங்களிலும் குண்டுகள் வெடித்து இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் பலியாயினர். நான்கு நாட்களின் பின் பொலிஸார் வெளியிட்ட சந்தேக நபர்களின் படங்களுள் ஒன்று, அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த, இக்குற்றத்துடன் எவ்விதத் தொடர்புமற்ற ஒரு முஸ்லிம் மாணவியுடையது. அன்றே தவறு ஒப்புக்கொள்ளப்பட்டது. அதற்குள் அம்முகம் உலகைச் சுற்றிவிட்டது, கொலை மிரட்டல்களும் வந்து சேர்ந்தன. அவரது பெயரை நான் இங்கு எழுதவில்லை. எழுதினால் தேடுவோருக்கு இன்னொரு முறை அவர் அகப்படுவார்.

இனி, எமது சமூகத்துக்குள்ளேயே பேசத் தயங்கும் ஒன்றைப் பேச வேண்டும். குடும்பத்தின் அந்தரங்கம் என்றதும் எம்மவர் பலருக்கும் பெண்பிள்ளையின் கைத்தொலைபேசியைப் பறிப்பதே நினைவுக்கு வருகிறது. மகனின் தொலைபேசி பூட்டியே கிடக்கும். கணவன் மனைவியின் செய்திகளைத் திறந்து வாசிப்பான், தன்னுடையதைக் கவிழ்த்து வைப்பான். இது காவலல்ல, வேவு. இதன் பயன் என்னவென்று கேட்டால் மிரட்டுகிறவனுக்கே அது பயன்படுகிறது. ஒரு பெண்ணின் படத்தை வெட்டி ஒட்டி, பணமோ வேறெதுவோ கேட்கிறவன் எதை நம்பித் துணிகிறான்? அவள் வாப்பாவிடமும் நானாவிடமும் சொல்லமாட்டாள், சொன்னால் முதல் அடி அவளுக்கே விழும் என்ற நம்பிக்கையில்தான். அவனுடைய கையிலுள்ள படத்தைவிட எமது வீட்டிலுள்ள பயமே அவனுக்குப் பெரிய மூலதனம். "எது நடந்தாலும் எங்களிடம் வா, உன்னைக் குற்றம் சொல்லமாட்டோம்" என்று மகளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்த வீட்டில் அந்த மூலதனம் செல்லாக்காசாகிவிடும்.

அப்படியானால் முற்றாக ஒளிந்து வாழ்வதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இடாப்பில் பெயர் இல்லாதவனுக்கு வாக்கும் இல்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தியபடி கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 முதல் தெருவோரம் இருந்த தாய்மார் அம்முகங்களை உலகுக்குக் காட்டாமலிருந்தால் எவரும் கேட்டிருக்கமாட்டார். கடல் கடந்த மகன் உம்மாவின் முகத்தைக் காண்பதும் இதே கருவியில்தான். ஆகவே காட்டுவது பாவம், மறைப்பது புண்ணியம் என்று தீர்ப்பிட முடியாது. அந்தத் தாய் யாருக்கு, எதற்காகக் காட்டுகிறோம் என்பதை அறிந்து காட்டினாள். நாம் அறியாமலும் தேவையின்றியும் காட்டுகிறோம். வேறுபாடு அங்கேதான் உள்ளது.

சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிடவும் இயலாது. எமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் தனியுரிமை வெளிப்படையாக எழுதப்படவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களையும் அரச அலுவலகங்களையும் கட்டுப்படுத்த வந்தது. தனிநபர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் விவரங்களை அது தன் எல்லைக்கு வெளியே விட்டுள்ளது. வீட்டுக்குள் நடப்பதைச் சட்டம் எமது மனச்சாட்சியிடம் ஒப்படைத்துவிட்டது எனலாம்.

மனச்சாட்சிக்குச் சில சிறிய பழக்கங்கள் போதும். படம் போடுமுன் படத்தில் உள்ளவரிடம், அவர் சிறுபிள்ளையாயினும், கேட்பது. சீருடையும் பாடசாலைப் பெயரும் சுட்டெண்ணும் தெரியாமல் வாழ்த்துவது. வீட்டாரெல்லாம் வெளியூரில் இருக்கையில் அதை அறிவிக்காமல் திரும்பி வந்து சொல்வது. அடையாள அட்டையைக் கேட்பவரிடம் எதற்காக என்று கேட்பது. தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை வங்கி என்று சொல்பவருக்கும் கொடாதிருப்பது. வட்ஸ்அப்பில் எமது படத்தை யார் பார்க்கலாம், எம்மை யார் குழுவில் சேர்க்கலாம் என்ற அமைப்புகளை ஒருமுறை உட்கார்ந்து சரிசெய்வது. பிள்ளைக்கு இடர் நேர்ந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929ஐ அழைக்கலாம் என்பதை வீட்டில் எல்லாரும் அறிந்திருப்பது. இவற்றுக்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளை உரியவரிடம் பழுதின்றிச் சேர்ப்பதை அமானிதம் என்கிறோம். பிள்ளையின் பெயரும் முகமும் அத்தகையதே. அவன் வளர்ந்து தன்னை உலகுக்கு எப்படிக் காட்டுவது என்று தானே முடிவு செய்யும் நாள் வரை அது எம் கையில் இருக்கிறது. அந்த நாளில் அவனுக்கு முடிவு செய்ய ஏதேனும் மீதம் இருக்க வேண்டும்.