உடன்படலும் வினையே



இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் இரண்டாம் அணுவிரதமாகிய வாய்மை. ஆயினும் நூலிலிருந்து தொடங்காமல், நம் ஜினகாஞ்சியிலிருந்து ஒரு மணி நேரத்தில் சென்றடையும் ஸ்ரீபெரும்புதூரில் நிகழ்ந்த ஒன்றிலிருந்து தொடங்க விரும்புகின்றேன்.

2021 டிசம்பர் நடுவில், ஃபாக்ஸ்கான் ஆலையில் பணிபுரிந்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உடன் தங்கியிருந்தோர் அவர்கள் நிலை என்னவென்று கேட்டனர். தெளிவான விடை கிடைக்கவில்லை. விடை வராத இடத்தில் வதந்தி வந்து அமர்ந்தது. சிலர் இறந்துவிட்டனர் என்ற செய்தி கைப்பேசிக்குக் கைப்பேசி தாவியது. டிசம்பர் 17 இரவு தொடங்கி மறுநாள் வரை, சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் திரளாக அமர்ந்துவிட்டனர். உண்மையில் ஒருவரும் இறக்கவில்லை.

வதந்தி பரப்பியோர் குற்றவாளிகள் என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிட்டு நகர்வது எளிது. அனேகாந்தம் கற்ற நமக்கு அது தகாது. இறப்புச் செய்தி பொய், நோய் மெய். அம்மாதம் முடிவதற்குள்ளாகவே, சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் உரிய தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் மீண்டும் திறந்தது. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கான குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. எனவே அந்தப் பெண்களின் முறையீட்டை ஒரு வகையால் பொய் என்றும், வேறொரு வகையால் மெய் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. 'சியாத்' என்னும் சிறு சொல் வாதத்தில் வெல்வதற்கு மட்டும் உரியதன்று.

ஒரகடத்தில் பணிபுரியும் நம் வந்தவாசிப் பக்கத்து இளைஞன் ஒருவன், சென்ற சாதுர்மாசத்தில் சொற்பொழிவு முடிந்தபின் என்னிடம் வந்தான். அவனோடு தங்கியிருப்போரின் வாட்ஸ்அப் குழுவுக்கு அவனே பொறுப்பாளன். "ஐயா, நள்ளிரவில் இப்படியொரு செய்தி வந்தால் நான் அழிப்பதா, விட்டுவிடுவதா? அழித்தால் முதலாளியின் ஆள் என்பார்கள். விட்டால் ஊர் பற்றிக்கொள்ளும்" என்றான். நான் உடனே விடை சொல்லவில்லை. சொல்ல இயலவுமில்லை.

2018 மே மாதம் போளூரை அடுத்த அத்திமூரில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகப் பிள்ளை பிடிப்பவர் என்று ஐயுறப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். நம் திருமலை இருக்கும் அதே வட்டாரம்! அடித்த கைகள் சில. அதற்கு முந்தைய நாள்களில் பிள்ளை பிடிப்போர் பற்றிய செய்தியை அனுப்பிய விரல்கள் எத்தனை?

நம் ஆகமம் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. எண்ணுதல், கருவி கூட்டுதல், தொடங்குதல் என மூன்று. மனம், மொழி, மெய் என மூன்று. செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூன்று. வெகுளி, செருக்கு, மாயம், பற்று என நான்கு. பெருக்கிப் பாருங்கள், 108. நாம் உருட்டும் செபமாலையின் மணிகளும் அத்தனையே. பிறர் எழுதிய பொய்யை மேலனுப்புகிறவன் 'நான் எழுதவில்லையே' என்று தப்ப முடியாது. உடன்படலும் வினையே. தத்துவார்த்த சூத்திரம் வாய்மை விரதத்தின் அதிசாரங்களுள் பொய்ப்பட எழுதுதலையும், பிறர் மறைபொருளை வெளியிடுதலையும் சேர்த்தே எண்ணுகிறது.

குழுவில் ஒருவர் இட்ட செய்திக்கு, பொறுப்பாளராக இருந்தார் என்ற ஒரே காரணத்தால் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் கூறியது. சட்டத்தின் அளவில் அது நியாயமே. வினையின் வழக்குமன்றம் வேறு. அங்கு மௌனம் சில வேளை உடன்பாடாகவும் எழுதப்படும். (நம் திருப்பணிக் கணக்குகள் பற்றி நம் குழுக்களில் எழும் பூசல்களின்போது வேடிக்கை பார்த்திருக்கும் பெரியோர்களும் இதனைக் கேட்கலாம்.)

பின்னர் அந்த இளைஞனிடம் நான் சொன்னது இதுதான்: "தம்பி, கேள்வியை அழிக்காதே, தீர்ப்பை நிறுத்திவை. 'யார் நேரில் கண்டது? எந்த மருத்துவமனை?' என்று கேள். நீயே தொலைபேசியில் விசாரி. தெரிந்ததைத் தெரிந்தது என்றும், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றும் எழுது. வைதவனை வெளியேற்றுமுன் தனியே அழைத்துப் பேசு. அவன் வெகுளிக்குக் கீழே ஓர் அச்சம் இருக்கும்." நீலகேசியின் கதையில், அச்சுறுத்த வந்தவளை முனிச்சந்திரர் விரட்டவில்லை, கலங்காமல் இருந்தார். வந்தவள் மாணவியானாள், பின்பு நம் சமயத்தின் பெரும் வாதியானாள்.

அண்மையில் அவனை மீண்டும் கண்டேன். ஒரு விபத்துச் செய்தி வந்ததாம். அதை நிறுத்திவைத்து விசாரித்திருக்கிறான். மெய்யாகவே ஒருவருக்குக் கால் முறிந்திருந்தது. உடனே அனைவருக்கும் அறிவித்து, இரத்தம் கொடுப்போரையும் திரட்டியிருக்கிறான். ஆனாலும் பத்து நிமிடம் தாமதித்தாய் என்று சிலர் இன்னும் அவனோடு பேசுவதில்லையாம். "அடுத்த முறையும் விசாரிப்பாயா?" என்று கேட்டேன். "விசாரிப்பேன் ஐயா, ஐந்து நிமிடத்தில் முடிக்க வேண்டும்" என்றான்.