மறுபக்கம் பிடிக்கும் கை

நோயைக் குறித்தும் துன்பத்தைக் குறித்தும் கிறிஸ்தவ இறையியல் ஏராளமாகப் பேசியிருக்கிறது. ஆனால் நோயுற்றவரின் கட்டிலருகே ஆண்டுக்கணக்கில் நிற்பவரின் களைப்பைக் குறித்து அது பேசியது குறைவு. நோயுற்றோரைச் சென்று பார்ப்பது கிறிஸ்துவையே சென்று பார்ப்பதாகும் என்று மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் போதிக்கிறது. அந்தப் போதனையிலிருந்து மருத்துவமனைகளும் விடுதிகளும் எழுந்தன. ஆயினும், பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் வேறு, திரும்பிப்போக இடமில்லாமல் அங்கேயே இருக்கிறவர் வேறு. பக்கவாதத்தில் விழுந்த கணவரை, பெற்ற மகளின் பெயரையே மறந்துவிட்ட தாயை, தானாக உண்ண முடியாத பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இந்த இரண்டாமவருக்கு அவருடைய விசுவாசம் எவ்வகையில் பலமாகிறது என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

அவருடைய களைப்பு உடலோடு நின்றுவிடுவதில்லை. படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பதால், பார்த்துக்கொள்பவரின் இரவு துண்டு துண்டாக அறுபட்டுப்போகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு, சற்றுமுன் மாற்றிய விரிப்பு மறுபடியும் நனைந்திருப்பதைக் காணும்போது வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் வந்துவிடுகிறது. சொன்ன மறுகணமே நெஞ்சு சுடுகிறது. இதெல்லாம் எப்போது முடியும் என்று மனம் கேட்கிறது. முடிவது என்றால் என்ன என்பது உறைத்தவுடன் அவர் தம்மையே கண்டு அஞ்சுகிறார். ஜெபிக்க உட்கார்ந்தால் கண் சொருகுகிறது, வேதத்தைத் திறந்தால் எழுத்து மங்குகிறது, ஞாயிறு ஆராதனைக்குப் போய்ப் பல மாதங்களாகிவிட்டன. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்து, தம் விசுவாசம் செத்துவிட்டது என்ற முடிவுக்கு அவர் வருகிறார். அந்த முடிவு தவறு. அதைத் தவறென்று காட்ட வேதாகமத்திலேயே சான்றுகள் உள்ளன.

பழைய ஏற்பாட்டின் பெருந்தலைவர்களில் இருவர், தங்களைச் சாகவிடும்படி கடவுளிடம் வெளிப்படையாகக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் எலியா. இராஜாக்களின் முதல் புத்தகம் 19ஆம் அதிகாரத்தில், வனாந்தரத்தில் ஒருநாள் பயணம் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் என்று சொல்லித் தூங்கிவிடுகிறார். அவரைத் தட்டி எழுப்பிய தூதன் அவருக்குக் கடிந்துரை எதையும் கொண்டுவரவில்லை. தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தன. உண்டார், குடித்தார், மறுபடியும் படுத்தார்; அதற்கும் தடையில்லை. இரண்டாம் முறையும் உணவு வந்தது. அந்த உணவின் பலத்தால் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலையை அடைந்த பிறகுதான், இங்கே என்ன செய்கிறாய் என்ற கேள்வி அவரிடம் கேட்கப்பட்டது. இந்த வரிசை மிகவும் முக்கியமானது: முதலில் தூக்கம், பிறகு அடையும் தண்ணீரும், மறுபடி தூக்கம், அதற்கெல்லாம் பின்னரே உரையாடல். ஆவிக்குரிய பலம் என்பது வயிற்றையும் கண்ணிமையையும் கடந்து வேறெங்கோ இறங்குவது என்று எண்ணுவோர் இந்த அதிகாரத்தை நின்று வாசிக்க வேண்டும்.

மற்றவர் மோசே. எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தில், இந்த மக்களையெல்லாம் கருத்தரித்தவன் நானா, பால்குடிக்கும் பிள்ளையைச் சுமப்பதுபோல இவர்களை நான் மார்பில் சுமக்க வேண்டுமா என்னும் கருத்தில் கடவுளிடம் முறையிட்டு, இப்படியே நடத்துவதானால் என்னைக் கொன்றுவிடும் என்றும் கேட்கிறார். பார்த்துக்கொள்பவரின் மனத்தில் எழும் கோபத்தை இதைவிட நெருக்கமாகச் சொன்ன பகுதி வேதத்தில் அரிது. அதற்கு வந்த பதில், சகித்துக்கொள் என்பதும் அன்று, உன் சுமையை எடுத்துவிடுகிறேன் என்பதும் அன்று. அவர் தனியே சுமக்காதபடி மூப்பர் எழுபது பேரைக் கூட்டிவரச் சொல்லி, மோசேயின்மேல் இருந்த ஆவியிலிருந்தே ஒரு பங்கை எடுத்து அவர்கள்மேலும் வைப்பதாகக் கடவுள் வாக்களிக்கிறார். ஆவியின் வரம் இங்கே சுமைபகிர்வதற்காகவே பிரித்துக் கொடுக்கப்படுகிறது.

எபிரேய வேதத்தின் பழங்கால கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவாகிந்து, அந்த எழுபதுபேர் மோசேக்குச் செய்யவிருந்த உதவியைக் குறிக்க ஒரு நீண்ட வினைச்சொல்லைப் பயன்படுத்துகிறது: சுனந்திலம்பனோமாய். 'உடன்', 'எதிரே', 'பற்றிப்பிடித்தல்' என்ற மூன்று கூறுகள் சேர்ந்த சொல் அது. ஒரு பாரத்தின் ஒரு முனையை ஒருவர் பிடித்திருக்க, எதிரே நின்று மறுமுனையை இன்னொருவர் பிடிப்பதைப் போன்ற ஒரு காட்சியை அதன் அமைப்பு தருகிறது. சொல்லின் கூறுகளைப் பிரித்துக் காட்டுவதாலேயே அதன் பொருளை நிறுவிவிட முடியாது என்பது உண்மைதான். ஆயினும் இந்தச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில்தான் வருகிறது என்பதும், அந்த இரண்டு இடங்கள் எவை என்பதும் கவனத்துக்கு உரியவை.

முதலாவது, லூக்கா 10ஆம் அதிகாரம். பற்பல வேலைகளால் அலைக்கழிந்த மார்த்தாள், தன்னைத் தனியே வேலை செய்யவிட்ட தங்கையைத் தனக்கு உதவும்படி சொல்லுமாறு இயேசுவிடம் கேட்கும் இடம். இந்தப் பகுதியை வைத்து அடுப்படியில் நிற்கும் பெண்களைக் குற்றப்படுத்திய பிரசங்கங்களுக்குக் கணக்கில்லை. இயேசு மார்த்தாளின் கவலையையும் கலக்கத்தையும் பெயர்சொல்லிக் குறித்தார், மரியாளின் தெரிவைக் காத்தார். ஆனால் உதவி வேண்டும் என்று மார்த்தாள் கேட்டதைப் பாவமென்று அவர் சொல்லவில்லை. இரண்டாவது, ரோமருக்கு எழுதிய நிருபம் 8ஆம் அதிகாரம். என்ன வேண்டிக்கொள்வதென்று அறியாத நம் பலவீனத்தில் ஆவியானவர் துணைசெய்கிறார் என்று பவுல் எழுதும்போது, மார்த்தாள் கேட்ட அதே உதவியின் சொல்லை எடுத்துப் பரிசுத்த ஆவியின் செயலுக்கு வைக்கிறார். வனாந்தரத்தில் எழுபதுபேர் செய்ததையும், பெத்தானியா வீட்டில் ஒரு பெண் கேட்டதையும், ஜெபிக்க முடியாதவருக்குள் ஆவியானவர் செய்வதையும் ஒரே சொல் இணைக்கிறது.

படுக்கையில் கிடப்பவரைத் தனியொருவர் புரட்ட முயன்றால் முதுகு ஒடிகிறது. விரிப்பின் இரு ஓரங்களையும் இருவர் சுருட்டிப் பிடித்துத் தூக்கினால் அதே உடல் எளிதாக நகர்கிறது. அந்த மறு ஓரத்தைப் பிடிக்கும் கையே அந்த வினைச்சொல்லுக்குத் தக்க உரை. பவுலின் வாக்கியம் இதோடு முடியாமல், வார்த்தைக்கு அடங்காத பெருமூச்சுகளால் ஆவியானவர் வேண்டுதல் செய்கிறார் என்று தொடர்கிறது. அப்படியானால், விரிப்பை மாற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து விடும் மூச்சு, ஜெபம் தவறிப்போனதன் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. ஜெபமே அந்த உருவில் நடந்துகொண்டிருக்கலாம். சங்கீதப் புத்தகத்தின் 88ஆம் பாடல் ஆறுதல் எதுவும் இன்றி, எபிரேயத்தில் இருளைக் குறிக்கும் சொல்லோடு முடிகிறது. அதையும் ஜெபமென்றே ஏற்று வேதத்துக்குள் வைத்தார்கள்.

இதற்கு எதிராக ஒரு சொல்வழக்கு கிறிஸ்தவ வீடுகளில் ஆழ வேரூன்றியிருக்கிறது: இது கர்த்தர் கொடுத்த சிலுவை, வாய்திறக்காமல் சுமக்க வேண்டும் என்பது. இயேசு சிலுவையை எடுத்துக்கொள்ளச் சொன்னது, தம்மைப் பின்பற்றுவதால் வரும் விலையைக் குறித்து. பிறருடைய நோயை ஒரே ஒருவரின் தோளில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் ஒதுங்குவதற்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது. மேலும், கொல்கொதாவுக்குப் போகும் வழியில் சிரேனே ஊரானாகிய சீமோன் இயேசுவின் சிலுவையைச் சுமக்க வைக்கப்பட்டான் என்று மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் எழுதுகிறார்கள். மீட்பருடைய சிலுவைக்கே வேறொரு தோள் தேவைப்பட்டது. மனிதர்மேல் பாரமான சுமைகளை ஏற்றிவிட்டுத் தங்கள் விரலாலும் அதை அசைக்க மனமில்லாதவர்களை மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் இயேசு கண்டித்தார்; களைத்தவரிடம் இன்னும் அதிகமாக ஜெபியுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர் அந்தக் கண்டனத்துக்கு வெகு அருகில் நிற்கிறார்.

திருச்சபையின் பழைய மரபுகள் சில இதை நன்கு உணர்ந்திருந்தன. ஆறாம் நூற்றாண்டில் எழுந்த பெனடிக்டின் துறவற ஒழுங்கு, 36ஆம் அதிகாரத்தில், நோயுற்றோரைக் கிறிஸ்துவாகவே எண்ணிப் பணிசெய்ய வேண்டும் என்று விதிக்கிறது; அதே அதிகாரத்தில், தங்களுக்குப் பணிசெய்யும் சகோதரரை மிகையான கோரிக்கைகளால் வருத்தக்கூடாது என்று நோயுற்றோருக்கும் சொல்கிறது. அண்மைக் காலத்தில் ஹென்றி நவ்வென் என்ற கத்தோலிக்கக் குரு, ஹார்வர்டில் கற்பித்த பணியை விட்டு, 1986இல் டொரன்டோவுக்கு அருகிலிருந்த, அறிவுத்திறன் குறைபாடுள்ளோரும் உதவியாளர்களும் சேர்ந்து வாழும் டேபிரேக் சமூகத்தில் சேர்ந்தார். பேச இயலாத, வலிப்புநோயுள்ள ஆடம் என்ற இளைஞரைத் தினமும் எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்தி, காலையுணவு ஊட்டும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. அந்த மௌனமான மனிதரே தமக்கு ஆசிரியரானார் என்று அவர் எழுதிய நூல், அவர் இறந்த மறு ஆண்டான 1997இல் வெளிவந்தது. அந்தச் சாட்சியம் உண்மையானது, அழகானது. ஆனால் அந்த இல்லத்தில் வேலையைப் பகிர்ந்துகொள்ள வேறு உதவியாளர்களும் இருந்தார்கள். மாற்று ஆளே இல்லாத ஒரு மருமகளிடம் அந்நூலைக் கொடுத்து, இப்படிப் பாருங்கள் என்று சொல்வது அன்பாகாது. அவருக்கு முதலில் தேவை ஒரு முழு இரவின் தூக்கம்.

யோவான் நற்செய்தியில் ஆவியானவருக்கு வரும் பெயர் பரக்லேத்தோஸ், அதாவது அருகில் நிற்க அழைக்கப்பட்டவர். பழைய தமிழ் வேதாகமம் இதைத் 'தேற்றரவாளன்' என்றது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'துணையாளர்' என்றது. இரண்டாவது சொல் தமிழருக்கு வேறொரு கதவையும் திறக்கிறது. மருத்துவமனையில் ஒருவரைச் சேர்க்கும்போது முதலில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, துணைக்கு யார் இருக்கிறீர்கள் என்பது. அவ்வாறு துணையிருப்பவர், கடவுளின் ஆவிக்குத் தமிழ் கொடுத்த பெயரிலேயே பங்குகொள்கிறார். ஆனால் துணைக்கு இருப்பவருக்குத் துணை யார் என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

அந்தக் கேள்வியைச் சபைகள் கேட்கத் தொடங்க வேண்டும். வீட்டிலேயே கிடக்கும் நோயாளிக்கு நற்கருணை கொண்டுபோகும் போதகரும், ஜெபிப்பதற்காகச் சேர்ந்து போகும் சகோதரிகளும், கட்டிலருகே நிற்பவரைப் பார்த்து, நேற்றிரவு எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்று கேட்கட்டும். பதிலைக் கேட்டபின் பாட்டுப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, மருந்து எது, எப்போது என்று கேட்டறிந்து, அவரை உள்ளறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, மாலைவரை அங்கே உட்காரட்டும். மூன்று மணிக்குப் புரட்டிப் படுக்கவைக்கும் நேரம் வரும். அதற்கு இருவர் வேண்டும்.