ஓரத்துப் பென்சில் கோடு

கதையை எழுதி முடித்தவனால் அந்தக் கதையைப் படிக்க முடியாது. படிப்பதாக நினைத்துக்கொண்டு, தான் எழுத நினைத்ததையே திரும்ப நினைத்துக்கொண்டிருப்பான். தாளில் இருப்பது வேறாக இருக்கும். இந்த ஒரு குறைக்குத்தான் இன்னொரு ஆள் வேண்டியிருக்கிறது. மற்றபடி பாராட்ட வீட்டில் ஆள் உண்டு, திட்ட ஊரில் ஆள் உண்டு.

*

எனக்கு வாய்த்த ஆள் ஆம்பூரில் இருக்கிறார். தோல் ஷாப்பில் ஃபினிஷிங் முடிந்து வரும் தோலைத் தரம் பிரிப்பது வேலை. வீட்டில் உருது, கதை எழுதுவது தமிழில். நான் அவரை பாய் என்பேன். வாத்தியார் வேலை பார்ப்பதால் அவர் என்னை சார் என்பார். என்னைவிட மூத்தவர், சொன்னாலும் மாற்றிக்கொள்ளவில்லை. நான் கலவையில் பஸ் ஏறி ஆற்காடு மாறி வேலூர் போவேன். அவர் காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி வருவார். கோட்டைப் பக்கம் நிழலாக ஒரு இடம், போகும்போது ஒரு டீ. இவ்வளவுதான் எங்கள் சபை.

கதை கொண்டுவராதவருக்கு அன்று பேச உரிமை இல்லை. இது பாய் வைத்த சட்டம். கையில் தன் பக்கத்தோடு வருகிறவனுக்கு நாக்கு கொஞ்சம் அடங்கித்தான் இருக்கும், அடுத்த அரை மணியில் தன் முறை வரும் என்று தெரியுமே. என் கதையை அவர் வாய்விட்டுப் படிப்பார், அவர் கதையை நான். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது.

*

அடுத்தவர் வாயில் தன் உரையாடலைக் கேட்பது தனி வேதனை. கண்ணால் படிக்கும்போது நன்றாக நடந்துபோன வாக்கியம் பாயின் குரலில் நொண்டும். “நீங்கள் ஏன் நேற்றே இதை என்னிடம் சொல்லவில்லை” என்று வாலாஜா சந்தையில் ஒரு கிழவி கேட்பதாக எழுதியிருந்தால் அவர் அதை ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே படிப்பார், சிரிக்கவும் மாட்டார். சிரித்தாலாவது தேவலை.

*

பென்சிலால் மூன்றே குறி. மனம் விலகிப்போன இடத்தில் ஓரத்தில் நெட்டாக ஒரு கோடு. நம்ப முடியாத இடத்தில் ஒரு வட்டம். திரும்பிப்போய் மறுபடி படித்த இடத்தில் ஒரு புள்ளி. வேறொன்றும் எழுதுவதில்லை. எப்படித் திருத்தலாம் என்ற யோசனை தப்பித்தவறியும் கிடையாது.

நெட்டுக்கோடு விழுந்த இடத்தில் ஏதோ கோளாறு இருப்பது அநேகமாக உறுதி. ஆனால் கோளாறின் வேர் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. ஏழாம் பக்கத்தில் அவருக்குக் கொட்டாவி வருகிறது என்றால், இரண்டாம் பக்கத்தில் சொல்ல வேண்டிய ஒன்றை நான் சொல்லாமல் விட்டிருப்பேன். அதை எழுதியவன்தான் தேடிப் போக வேண்டும். ஏழாம் பக்கத்தைச் செதுக்கிக்கொடுக்க பாய் முன்வந்திருந்தால் கதை கெட்டிருக்கும்.

*

நம் ஊரில் விமர்சகர் என்ற பேச்சை எடுத்தால் நக்கீரர் வந்து நின்றுவிடுகிறார். தருமிக்கு இறைவன் எழுதிக்கொடுத்த பாட்டிலேயே குற்றம் கண்டவர். கதை அருமைதான், கூத்திலும் சினிமாவிலும் நாம் கைதட்டிய கதை. அதில் தருமியின் பக்கம் நின்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது: சபைக்கு வந்த பாட்டு முடிந்துபோன பாட்டு. அரங்கேற்றத்தில் புலவர் பதில் சொல்லித் தப்பிக்கலாம், தோற்றுப்போகலாம். திரும்பிப்போய் எழுத வழியில்லை. முடியாத எழுத்தை யாரிடமாவது காட்டுவது என்பது இதற்கு முற்றிலும் வேறான காரியம். அதற்குச் சபை ஆகாது. ஒரு ஆள் போதும், அதிகம் போனால் இரண்டு பேர்.

*

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் உருதுக் கவிதைக்கு ஒரு நீண்ட பழக்கம் உண்டு. முஷாயிரா என்னும் கவியரங்கு நடக்கும் ஊர்கள் இவை. அங்கே எழுதத் தொடங்குகிறவர் ஒரு உஸ்தாதைத் தேடிக்கொள்வார். எழுதிய கஜலை உஸ்தாதிடம் கொடுத்தால் அவர் ஒரு சொல்லை அடிப்பார், ஒரு சொல்லை மாற்றுவார், சீடர் சலாம் வைத்து வாங்கிக்கொள்வார். இதற்கு இஸ்லாஹ் என்று பெயர். டெல்லியில் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜஃபரே தன் கவிதைகளைக் கவிஞர் ஜௌக்கிடம் காட்டித் திருத்தி வாங்கியவர். 1854இல் ஜௌக் இறந்ததும் அந்த இடம் காலிபுக்குப் போயிற்று. காலிப் தன் சீடர் ஹர்கோபால் தஃப்தாவின் கவிதைகளைத் தபாலில் வாங்கித் திருத்தி அனுப்பிய கடிதங்களை இன்றும் படிக்கலாம்.

பாயின் தாத்தா இப்படி ஒரு உஸ்தாதிடம் போனவர். அந்த ஏற்பாட்டில் எனக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தது. பாய்க்கு இல்லை. “ரெண்டு வரி ஷேருக்கு அது சரி சார். பன்னெண்டு பக்கக் கதையில நாலாம் பக்கத்துல ஒரு ஆணியப் புடுங்கினா பதினோராம் பக்கத்துல கூரை எறங்கும். அத உஸ்தாத் வந்து தாங்குவாரா?” என்றார்.

*

வெளியூரிலிருந்து வந்து தோல் ஷாப்பைப் பற்றிக் கதை எழுதுகிற எல்லோரும் முதல் வரியில் மூக்கைப் பொத்துகிறார்கள் என்பது பாயின் நெடுநாள் புகார். உள்ளே வேலை செய்கிறவனுக்கு நாற்றம் சில நாளில் மறந்துபோகும். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் எழுந்து வேறு இடம் போகும்போதுதான் அது ஞாபகம் வரும். சுண்ணாம்புத் தோலைத் தூக்குகிறவனுக்கு விரல் இடுக்கு எரியும். நாள் முழுக்க ஈரத்தில் நின்ற பாதம் ராத்திரி வெளுத்துக் கிடக்கும். கதை அங்கே தொடங்கினால் உள்ளே இருந்து எழுதியது. மூக்கில் தொடங்கினால் கேட்டுக்கு வெளியே நின்று எழுதியது. பேரணாம்பட்டின் அழகிய பெரியவனைப் போல இந்த மண்ணிலிருந்தே எழுத வந்தவர்கள் இருக்கும்போது, வெளியே நின்று எழுதுவதற்கு இனி என்ன சாக்கு என்றும் கேட்பார்.

தோலை எதற்கும் உவமையாக்கக் கூடாது என்பது அவருடைய இன்னொரு பிடிவாதம். பதப்படுதல், மெருகேறுதல் என்று மனிதரைப் பற்றி யாராவது எழுதினால் வட்டம் நிச்சயம். அதனால் பாயின் வேலைக்கும் அவருடைய வாசிப்புக்கும் உள்ள ஒற்றுமையைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை.

*

உள்ளூர்க்காரன் வாசகனாகக் கிடைப்பதில் ஒரு குறையும் உண்டு. நான் சொல்லாமல் விட்டதை அவரே நிரப்பிக்கொள்வார். பாலாறு என்று எழுதினால் போதும், மணல் அள்ளிய பள்ளமும் நுரை மிதந்த கால்வாயும் அவருக்குத் தெரிந்துவிடும். திருநெல்வேலியில் படிக்கிறவருக்குப் பாலாறு ஒரு பெயர்தான்.

ஆர்.கே. நாராயணுக்கு நேர் எதிரான வாசகர் கிடைத்தார். மைசூரிலிருந்து அவர் எழுதிய முதல் நாவல் லண்டனில் பதிப்பகம் பதிப்பகமாகத் திரும்பிவர, அதில் கல்லைக் கட்டித் தேம்ஸில் போட்டுவிடு என்று அங்கிருந்த நண்பர் பூர்ணாவுக்கு எழுதினார். நண்பர் அதை நாவலாசிரியர் கிரகாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். தலைப்பை மாற்றச் சொன்னவர் கிரீன். ‘சுவாமியும் நண்பர்களும்’ அவர் யோசனை. நாராயணசாமி என்ற நீண்ட பெயரை நாராயண் என்று குறுக்கச் சொன்னதும் அவரே. 1935இல் நாவல் வந்தது. இருவரும் நேரில் சந்தித்தது 1956இல்தான். அதற்குள் எத்தனை நாவல்கள் அந்தக் கண் வழியாகப் போய்விட்டன! மைசூர் சந்து எதையும் பார்த்திராத கண். பார்த்திராதவருக்குப் புரிய வேண்டும் என்பதாலேயே நாராயணின் கற்பனை ஊரான மால்குடி அவ்வளவு துலக்கமாக வந்ததோ என்று எனக்குச் சந்தேகம். நிரூபிக்க முடியாது.

*

2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பாய் வெகுகாலம் அதை எழுதவில்லை. பிறகு ஒரு கதை கொண்டுவந்தார்.

வாய்விட்டுப் படித்தேன். முதல் மூன்று பத்தியில் சுவர்: அதன் உயரம், ஈரம், விரிசல், அதன் பின்னால் இருந்த கழிவின் கனம். நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் நெட்டுக்கோடு போட என் கை தானாகப் போனது. கூச்சமாக இருந்தது. 10 பேர் செத்த கதையில் எனக்கு மனம் விலகுகிறது என்று எப்படிச் சொல்வது? போட்டேன். ஏன் என்று பாய் கேட்கவில்லை. சட்டப்படி அவர் கேட்கக் கூடாது. ஏன் என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது. கலவை வந்து சேரும்வரை பஸ்ஸில் அதே யோசனை.

ராத்திரி பிடிபட்டது. சுவர் உடையும் என்று முதல் வரியிலேயே கதைக்குத் தெரிந்திருக்கிறது. படுத்திருப்பவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கதைக்குள் வருவதற்கு முன்பே சாவு வந்து உட்கார்ந்துவிட்டது. அந்தப் பத்து பேரில் ஒருவன்கூட நாளைக்கு என்று எதையும் நினைக்கவில்லை: ஊருக்கு அனுப்ப வேண்டிய பணமோ, கொசுவோ, பக்கத்தில் படுத்தவனின் குறட்டையோ. செய்தித்தாள் அப்படித்தான் எழுதும், முடிவிலிருந்து. கதைக்கு அந்தச் சலுகை கிடையாது.

இதைப் பாயிடம் சொன்னேனா என்பது முக்கியமில்லை (சொன்னேன், அடுத்த சந்திப்பில்). அதற்குப் பிறகு என் பழைய கதைகளை எடுத்தால், பாதிக்கு மேல் முதல் பத்தியிலேயே முடிவைத் தெரிந்துவைத்துக்கொண்டு நடக்கின்றன. என் பக்கங்களில் பாய் போட்ட கோடுகள் எதுவும் இதை எனக்குக் காட்டித் தரவில்லை. அவர் பக்கத்தில் நான் போட்ட ஒரு கோடு காட்டியது. நம்மைப் படிக்க ஒருவர் கிடைப்பதே பாக்கியம் என்று பேசுகிறோம்; ஒருவரைப் பென்சிலோடு படிக்க நேர்வது அதைவிடப் பெரிய படிப்பு என்று எனக்குப் படுகிறது. பிடிக்கவில்லை என்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் போகும் வசதி அங்கே இல்லை. எது, எங்கே என்று விரல் வைத்தாக வேண்டும்.

*

இடைசெவல் ஒரு சின்ன கரிசல் ஊர். அங்கே 1923 செப்டம்பரில் ஒரு வார இடைவெளியில் பிறந்தார்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். அழகிரிசாமி முதலில் எழுத வந்து, சென்னைக்கும் மலாயாவுக்கும் போனார். கி.ரா. ஊரிலேயே இருந்தார், எழுத்துக்கு வெகு தாமதமாக வந்தார். அழகிரிசாமி அவருக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாக இருக்கின்றன. அதை அடிக்கடி எடுப்பேன். புத்தகம், சங்கீதம், நலம் விசாரிப்பு. நீ எழுது என்று ஒருவன் இன்னொருவனைத் தொடர்ந்து மதித்துக்கொண்டே இருப்பதும் ஒரு வகைத் திருத்தம்தான். பென்சில் படாத திருத்தம்.

அதே அழகிரிசாமி, 1950களில் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ ஆசிரியர் குழுவில் இருந்தபோது இலக்கிய வட்டம் ஒன்றை நடத்தி, அங்குள்ள எழுத்தாளர்கள் ஒருவர் படைப்பை மற்றவர் பேசும்படி செய்தார். அதற்குச் சற்று முன்பே அதே பத்திரிகையில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தியிருக்கிறார்கள். தோட்டப்புறங்களில் இருந்தவர்கள் எழுதிப் பழக, பத்திரிகையே கரும்பலகையாயிற்று. இங்கே நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி வீட்டில் ‘காகங்கள்’ என்ற பெயரில் எழுதுகிறவர்கள் கூடினார்கள், நாமக்கல்லில் பெருமாள்முருகன் ‘கூடு’ நடத்தினார். எங்கள் பக்கத்தில் அந்த அளவுக்கு ஒன்று எனக்குத் தெரிந்து நிலைக்கவில்லை. வேலத்து மு.வ.கூட ‘அகல் விளக்கு’ நாவலில் வாலாஜாவை எழுதினாரே தவிர, இருந்தது பெரும்பாலும் சென்னையில்.

*

கெட்ட வாசகர் கதையைக் கொன்றுவிடுவார் என்பதும் உண்மை. ஆக்ஸ்போர்டில் டோல்கீன் தன் பெருங்கதையை நண்பர்கள் கூட்டத்தில் படித்துவந்தபோது ஹியூகோ டைசன் என்ற நண்பருக்கு அது பொறுக்கவில்லை. அவர் தொடர்ந்து முணுமுணுக்க, டோல்கீன் அங்கே படிப்பதையே நிறுத்திக்கொண்டார். நல்லவேளை, எழுதுவதை நிறுத்தவில்லை. டைசன் முட்டாள் அல்ல. அவருக்கு அந்த வகைக் கதை ஆகாது, அவ்வளவுதான். பாய்க்குக் கனவுக் காட்சி ஆகாது. கனவு வந்தால் கோடு விழும் என்று தெரிந்தே கொடுக்கிறேன், அந்தக் கோட்டைக் கழித்துக்கொள்கிறேன். ஒருவருடைய ஒவ்வாமை எது என்று தெரிந்துகொள்ள சில வருஷம் பிடிக்கும். அதற்கு முன் கிடைக்கும் கருத்து எதையும் அப்படியே நம்ப வேண்டாம்.

*

இளம் வயதில் சியால்கோட் இக்பால், ஹைதராபாத்தில் இருந்த தாக் தெஹ்ல்விக்குத் தபாலில் கவிதைகளை அனுப்பித் திருத்தி வாங்கினார். சில காலத்துக்குள்ளேயே, இனி உமக்குத் திருத்தம் தேவையில்லை என்று தாக் எழுதிவிட்டார். வாணியம்பாடியில் ஒரு டீக்கடையில் பாய் இதை எனக்குச் சொன்னார், கண்ணில் பெருமிதத்தோடு, ஏதோ தன் தாத்தாவுக்கு நடந்ததைப் போல.

அப்படி ஒரு கடிதம் எனக்கு எப்போது வரும் பாய் என்று கேட்டேன். என் கையிலிருந்த கதையை வாங்கி, முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, சட்டைப்பையில் பென்சிலைத் தேடினார். அவருக்கும் நான் அப்படி எழுதுவதாக இல்லை.